உட்காரத் தெரிந்த நாய்க்கு எதற்கு வகுப்பு? முதல் கீழ்ப்படிதல் போட்டிக்கான ஆயத்தப் பயிற்சி: ஒரு மதிப்புரை

நாய்க்கு உட்காரவும் படுக்கவும் கூப்பிட்டால் வரவும் சொல்லிக்கொடுக்கும் அடிப்படை வகுப்புகளைப் பற்றிய மதிப்புரைகளுக்குப் பஞ்சமில்லை. இவையெல்லாம் ஏற்கெனவே தெரிந்த நாயை முதன்முறையாகக் கீழ்ப்படிதல் போட்டிக் களத்தில் இறக்குவதற்கென்றே நடத்தப்படும் ஆயத்த வகுப்பைப் பற்றி விவரமாக எழுதுபவர்கள்தாம் குறைவு. அத்தகைய ஒரு வகுப்பில் எங்கள் லாப்ரடார் பொன்னியோடு தொடக்கம் முதல் முடிவு வரை கலந்துகொண்டு, அதன் பிறகு போட்டியிலும் பங்கேற்றுவிட்டு இதை எழுதுகிறேன். நிறைகளோடு குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் வகுப்பை நடத்துபவரின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கும் கட்டணத்துக்கு இந்த வகுப்பு குறை வைக்கவில்லை, ஆனால் அதன் பயனில் பெரும்பகுதி வாரைப் பிடித்திருப்பவருக்கே போய்ச் சேருகிறது. இதைப் புரிந்துகொண்டு சேருபவர் ஏமாற மாட்டார். நாயை ஒப்படைத்தால் திருத்தித் தருவார்கள் என்று நம்பிச் சேருபவர் ஏமாந்துதான் போவார்.

வகுப்பில் சேர்வதற்கே ஒரு தகுதித் தேர்வு உண்டு. வார் தொய்வாக இருக்கும்படி இடப்பக்கத்தில் நடப்பது, சொன்னதும் உட்காருவதும் படுப்பதும், உட்கார்ந்த இடத்தில் ஒரு நிமிடம் அசையாமல் இருப்பது, கூப்பிட்டதும் நேராக ஓடிவருவது ஆகியவற்றை அறிமுகமில்லாத ஓர் இடத்தில் செய்து காட்டினால்தான் இடம் கிடைக்கும். வந்தவர்களில் சிலரை, இன்னும் சில மாதங்கள் அடிப்படைப் பயிற்சி கொடுத்துவிட்டு வாருங்கள் என்று பயிற்சியாளர் பணிவாகத் திருப்பி அனுப்பினார். திரும்பிப் போனவர்களின் முகம் வாடியது உண்மைதான் என்றாலும், கட்டணத்துக்காக யாரையும் சேர்த்துக்கொள்ளாத இந்தக் கண்டிப்பு, சேர்ந்தவர்களுக்குச் செய்யப்பட்ட முதல் நன்மை. பாதி நாய்கள் குரைத்துக்கொண்டும் மீதி நாய்கள் வாரை இழுத்துக்கொண்டும் இருக்கும் கூடத்தில் யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

பாடத்திட்டம், அமெரிக்காவில் நாய்ப் போட்டிகளை நடத்தும் அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப்பின் நாவிஸ் என்னும் தொடக்கநிலைப் பிரிவு விதிகளை ஒட்டி அமைந்திருக்கிறது. பிரிட்டனின் கென்னல் கிளப்புக்கும் எஃப்.சி.ஐ. என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்புக்கும் தனித்தனி விதிகளும் வெவ்வேறு பிரிவுகளும் இருப்பதால், தாம் கலந்துகொள்ளப்போகும் போட்டி எந்த அமைப்பின் விதிப்படி நடக்கிறது என்பதை விசாரித்துக்கொண்டே எவரும் இப்படியொரு வகுப்பில் சேர வேண்டும். எங்கள் வகுப்பில் முதல் நாளே அனைவரின் கையிலும் ஒரு மதிப்பெண் தாளைக் கொடுத்துவிட்டார்கள். மொத்தம் 200 புள்ளிகள். வாரோடு ஹீல் நடையும் (நாய் நம் இடப்பக்கம் ஒட்டியே நடப்பது) எட்டு வடிவ நடையும் சேர்ந்து 40, நடுவர் தொட்டுப் பார்க்கும்போது நிற்பதற்கு 30, வார் இல்லாத ஹீல் நடைக்கு 40, அழைத்ததும் வருவதற்கு 30, நாயை உட்காரவைத்துவிட்டு வாரை எடுத்துவரும் பயிற்சிக்கு 30, மற்ற நாய்களோடு வரிசையில் உட்கார்ந்தும் படுத்தும் இருப்பதற்கு 30. தேர்ச்சிக்கு 170 புள்ளிகள் வேண்டும். அது மட்டும் போதாது, ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் பெற்றிருக்கவும் வேண்டும். ஐந்து பயிற்சிகளை அற்புதமாகச் செய்துவிட்டு ஆறாவதில் நாய் எழுந்து போய்விட்டால் அன்றைய நாள் வீண் என்பது இதன் பொருள். இப்படித் தேர்ச்சி பெற்ற மதிப்பெண் மூன்று முறை கிடைத்தால்தான் நாயின் பெயருக்குப் பின்னால் சி.டி. (கம்பேனியன் டாக்) என்ற பட்டம் சேரும்.

இந்தத் தாளை முதல் நாளே கொடுத்ததை வகுப்பின் தலைசிறந்த அம்சமாகக் கருதுகிறேன். நாய் "நன்றாகச் செய்கிறது" என்ற மங்கலான திருப்தியிலிருந்து நம்மை வெளியே இழுத்து, எந்த இடத்தில் அரைப் புள்ளி போகிறது, எந்த இடத்தில் முழுவதும் போகிறது என்று பார்க்கப் பழக்குகிறது அது. கோணலாக உட்கார்ந்தால் சிறு புள்ளிக் கழிவு. வார் இறுகினால் கழிவு. அழைத்தபோது வராமல் இரண்டாம் முறை கூப்பிட வேண்டியிருந்தால் அந்தப் பயிற்சியில் தேர்ச்சியே இல்லை. எது சிறிது, எது பெரிது என்று தெரிந்த பிறகு வீட்டில் செய்யும் பயிற்சியின் நேரமும் தானாகவே சரியான இடத்துக்குப் போய்விடுகிறது. நேராக உட்காருவதற்காக மாலை முழுவதும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒருவர், தம் நாய் அழைப்புக்கு ஒரே சொல்லில் வருகிறதா என்று அதன் பிறகே சோதித்துப் பார்த்தார்.

ஓர் இடைக்குறிப்பு. இந்தப் போட்டி முறைக்குக் காரணமானவர் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற பெண்மணி. அவர் வளர்த்த ஸ்டாண்டர்டு பூடில் நாய்களை அலங்காரப் பொருளாகவே பார்த்தவர்களுக்கு அவற்றின் அறிவைக் காட்ட விரும்பி, 1933இல் நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் கிஸ்கோவில் அமெரிக்காவின் முதல் கீழ்ப்படிதல் தேர்வை நடத்தினார். 1936இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அதை ஏற்று விதிகளை வகுத்தது. மறு ஆண்டு அவரும் பயிற்சியாளர் பிளாஞ்ச் சாண்டர்ஸும் தம் பூடில்களை ஏற்றிக்கொண்டு ஒரு டிரெய்லர் வண்டியில் ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டினார்கள். எங்கள் பயிற்சியாளர் இந்த வரலாற்றை இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். ஆனால் வகுப்பில் ஒரு பூடில் வைத்திருந்த அம்மா அதன் பிறகு நிமிர்ந்தே நடந்தார்.

வகுப்பின் உயிர்நாடி ஹீல் நடைதான். மொத்தப் புள்ளிகளில் 80 இதிலேயே இருப்பதால் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கியது நியாயமே. பயிற்சியாளர் களத்தின் நடுவில் நின்று, போட்டி நடுவர் சொல்லும் அதே தொனியில், "தயாரா?", "முன்னே", "நில்", "வலது", "இடது", "திரும்பு", "மெதுவாக", "வேகமாக", "இயல்பாக" என்று ஆணை கொடுப்பார். வீட்டில் நாம் விரும்பிய இடத்தில் திரும்பி விரும்பிய இடத்தில் நின்று பழகியவர்களுக்கு, இன்னொருவர் சொன்ன கணத்தில் நிற்க வேண்டியிருப்பது எவ்வளவு தடுமாற்றம் தருகிறது என்பது அங்கேதான் தெரிகிறது. ஆணை காதில் விழுந்ததும் மனிதர் திடுக்கிட்டு நிற்கிறார். நாய் ஓர் அடி முன்னே போய்விடுகிறது. பழி நாயின் மேல் விழுகிறது. இதைச் சரிசெய்யப் பயிற்சியாளர் கையாண்ட வழி எளியது. நாய்களையெல்லாம் ஓரத்தில் கட்டிவைத்துவிட்டு எங்களை மட்டும் நடக்கவைத்தார். ஆணை கேட்ட பிறகு எத்தனையாவது அடியில் நிற்பது, எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது, பின்பக்கம் திரும்பும்போது பாதங்களை எப்படி நெருக்கமாக வைப்பது என்பவை ஒரே சீராக வரும்வரை நாய் இல்லாமலே நடந்தோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும்.

எட்டு வடிவ நடை இன்னும் நுட்பமானது. ஏறக்குறைய எட்டு அடி இடைவெளியில் இரண்டு பேர் தூண் போல நிற்க, அவர்களைச் சுற்றி எட்டு எழுதியது போல நடக்க வேண்டும். நாய் இடப்பக்கம் இருப்பதால், இடப்புறம் வளையும்போது அது உள்வட்டத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும்; வலப்புறம் வளையும்போது வெளிவட்டத்தில் வேகத்தைக் கூட்ட வேண்டும். நடப்பவரின் வேகமோ மாறவே கூடாது. நாய்க்கு ஏற்றபடி நாம் நடையைக் குறைத்தும் கூட்டியும் சமாளித்தால் நடுவர் அதற்காகவே புள்ளியைக் கழிப்பார். வெளிவட்டத்தில் பின்தங்கும் நாயைப் பார்ப்பதற்காக அனைவரும் ஒன்றையே செய்தோம்: தலையைத் திருப்பினோம், தலையோடு இடத்தோளும் பின்னால் போனது. அந்தத் தோள் நாய்க்குப் படகின் சுக்கான் போன்றது. அது பின்னே திரும்பினால் நாயும் பின்னே இழுபடுகிறது. பயிற்சியாளர் முதுகுப்பக்கமிருந்து எடுத்த காணொளியை வேகம் குறைத்துக் காட்டியபோது, முதலில் தோள் திரும்புவதும் அதற்குப் பிறகே நாய் பின்தங்குவதும் துலக்கமாகத் தெரிந்தன. அவர் சொன்ன மாற்று, பார்வையை நாயின் மேல் வைக்காமல் அடுத்து வளையப்போகும் இடத்தில் வைப்பது. ஒரே மாலையில் பல நாய்களின் நடை திருந்தியதைக் கண்ணால் பார்த்தேன். இந்த ஒரு பாடத்துக்காகவே கட்டணம் கொடுத்திருக்கலாம்.

நாவை அடக்குவது அடுத்த பாடம். அன்றாட வாழ்க்கையில் நாயோடு நாம் ஓயாமல் பேசுகிறோம்; "வா வா, அப்படித்தான், இங்கே பார், நல்ல பிள்ளை" என்று நடை முழுவதும் சொல் கொட்டிக்கொண்டே இருக்கிறது. களத்தில் பெயரோடு ஒரு கட்டளை, அவ்வளவுதான். நடந்துகொண்டிருக்கும்போது இன்னொரு முறை சொன்னால் கழிவு. நிற்கும்போது நாய் தானாக உட்கார வேண்டுமே தவிர "உட்கார்" என்று சொல்லக் கூடாது. கையை ஆட்டுவது, முழங்காலை மடக்குவது, தோளைக் குறுக்குவது போன்ற ரகசிய உதவிகளும் நடுவரின் கண்ணுக்குத் தப்புவதில்லை. இங்கே நாயின் கஷ்டத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். எப்போதும் பேசிக்கொண்டிருக்கும் ஆள் திடீரென்று வாயை மூடிக்கொண்டு விறைப்பாக நடந்தால், ஏதோ கோபம் என்றே அதற்குப் படும். எங்களைச் சிறிது சிறிதாக, பத்து அடி மௌனம் பிறகு பாராட்டு, இருபது அடி மௌனம் பிறகு பாராட்டு என்று கொண்டுபோன விதம் இந்த வகுப்பின் பக்குவத்தைக் காட்டியது. ஒரு பயிற்சிக்கும் அடுத்ததற்கும் இடையே நாயைத் தட்டிக்கொடுத்துப் பாராட்டுவதற்கு விதிகளில் தடையில்லை, நாய் கட்டுக்குள் இருந்தால் போதும் என்பதையும் அவர்கள் வலியுறுத்தினார்கள். பலர் அந்த இடைவேளையில் மரம் போல நிற்கிறார்கள், நாய் சோர்ந்துவிடுகிறது.

நடுவர் தொட்டுப் பார்க்கும் பயிற்சியில் நாயை நிற்கவைத்துவிட்டு ஆறு அடி தள்ளி நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். நடுவர் வந்து தலை, உடல், பின்பகுதி ஆகியவற்றைத் தொடுவார். கூச்ச சுபாவமுள்ள நாய்களுக்கு இது பெரும் சோதனை என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கு நேர்மாறான சிக்கல் பொன்னியுடையது. புதிய ஆள் நெருங்கினாலே அதற்குத் திருவிழா. வாலோடு இடுப்பும் ஆடும், இடுப்போடு பின்கால்களும் நகர்ந்துவிடும். பயிற்சியாளர் அதன் உற்சாகத்தைக் கண்டிக்கவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் வெவ்வேறு ஆட்களை, முதலில் அருகே கடந்து போகவும், பிறகு ஒரு கணம் நிற்கவும், அதன் பிறகு ஒரு விரலால் தொடவும் செய்து, கால் நகராத ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பரிசு கொடுக்கவைத்தார். பயந்த நாய்க்கும் இதே வரிசைதான், வேகம் மட்டும் குறைவு. வகுப்பில் இருந்த ஒரு சிறிய ஸ்பேனியல் தொடக்கத்தில் ஆள் நிழல் பட்டாலே பின்வாங்கியது; அதைத் தொடவே யாரையும் அனுமதிக்காமல் பல வாரங்கள் பொறுமையாகக் காத்திருந்தார். வீட்டில் எவ்வளவுதான் முயன்றாலும் இத்தனை புதிய கைகளை நாம் திரட்ட முடியாது. ஆயத்த வகுப்பு என்ற சேவைக்கு நியாயம் சேர்ப்பது இதுதான்.

அழைத்ததும் வரும் பயிற்சியில் கிடைத்த அறிவுரை சுருக்கமானது, ஆனால் விலைமதிப்பற்றது. உட்காரவைத்து, எதிர்முனைக்குப் போய்த் திரும்பி நின்று, கூப்பிடுவது என்று மறுபடியும் மறுபடியும் ஒரே வரிசையில் செய்தால், நாம் திரும்பிய உடனேயே நாய் கிளம்பிவிடக் கற்றுக்கொள்ளும். ஆகவே, போய்த் திரும்பி நின்றுவிட்டு, கூப்பிடாமல் நாயிடமே நடந்து சென்று பரிசு கொடுப்பதைக் கூப்பிடுவதைவிட அதிக முறை செய்ய வேண்டும். இதே காரணத்துக்காக, முன்னால் வந்து உட்காருவதையும் அங்கிருந்து சுற்றி இடப்பக்கம் சேருவதையும் எப்போதும் சேர்த்துச் செய்யக் கூடாது. சேர்த்தே செய்தால் நாய் முன்னால் உட்காரும் படியைத் தாண்டி நேராகப் பக்கத்துக்குப் போய்விடும்.

இனி, குறைகள். நாய் வைத்த இடத்தில் அசையாமல் இருக்கும் இருத்தல் பயிற்சிக்கு இந்த வகுப்பு செலவிடும் நேரம் மிகை. முன்பு நாவிஸ் பிரிவில் எல்லா நாய்களையும் வரிசையில் வார் இல்லாமல் விட்டுவிட்டு, உட்கார்ந்து ஒரு நிமிடமும் படுத்து மூன்று நிமிடமும் களத்தின் மறுபக்கத்தில் நிற்கும் வழக்கம் இருந்தது. 2018இல் விதி மாறியது. இப்போது வரிசைப் பயிற்சியில் ஆறு அடி வாரின் முனையைப் பிடித்துக்கொண்டே நிற்கிறோம். உட்காருவதற்கும் படுப்பதற்கும் ஒவ்வொரு நிமிடம்தான். வார் இல்லாமல் தனியாக இருப்பது, வாரை எடுத்துவரும் பயிற்சியில் மட்டுமே. எங்கள் பயிற்சியாளர் இந்த மாற்றத்தை அறிந்தவர்தான். ஆனாலும் பழைய மூன்று நிமிடப் படுக்கையை ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் விடாமல் செய்யவைத்தார். அது நாய்க்குப் பொறுமையைக் கற்றுத்தரும் என்பது அவர் வாதம். இருக்கலாம். ஆனால் புதிதாக வந்த வாரெடுக்கும் பயிற்சிக்கு அந்த நேரத்தைக் கொடுத்திருக்கலாம். உரிமையாளர் முதுகைக் காட்டிக்கொண்டு களத்தின் வாயில்வரை போவதும், அங்கே வாரை எடுக்கும்போது அதன் கொக்கி ஒலிப்பதும் நாய்களுக்கு வெளியே நடைக்குக் கிளம்பும் அடையாளங்கள். அந்தக் கொக்கியின் சத்தம் கேட்டதும் எழுந்துவிடும் நாய்கள் ஒத்திகையில் ஒன்றுக்கு மேல் இருந்தன.

ட்ரீட், அதாவது பரிசாகக் கொடுக்கும் தின்பண்டத்தின் விஷயத்தில்தான் இந்த வகுப்பு உண்மையிலேயே சறுக்குகிறது. போட்டிக் களத்துக்குள் தின்பண்டமோ விளையாட்டுப் பொருளோ கொண்டுசெல்ல அனுமதியில்லை. வாரங்கள் பல, இரண்டு மூன்று அடிக்கு ஒரு துண்டு என்று கையிலிருந்து கொடுத்துப் பழக்கிவிட்டு, ஒத்திகைப் போட்டிக்கு முந்தைய வகுப்பில் "இன்று முதல் பையைக் கழற்றிவிடுங்கள்" என்று சொன்னார்கள். விளைவு எதிர்பார்த்ததே. முதல் பயிற்சியை நாய்கள் ஆர்வத்தோடு செய்தன. இரண்டாவதில் உரிமையாளரின் கையை முகர்ந்து பார்த்தன. மூன்றாவதில் ஒரு ஷெப்பர்டு நடு வழியில் நின்று, தன் ஆள் ஒரு சுற்று நடந்து முடிப்பதை வேடிக்கை பார்த்தது. நாய்க்குக் கட்டளை மறந்துவிடவில்லை. கட்டளைக்கும் பரிசுக்கும் இடையே ஒருபோதும் இவ்வளவு நீண்ட இடைவெளி இருந்ததில்லை, அவ்வளவுதான்.

இதைத் தொடக்கத்திலிருந்தே படிப்படியாகச் செய்திருக்க வேண்டும். முதலில் ட்ரீட்டை இடுப்புப் பையிலிருந்து எடுத்து, களத்துக்கு வெளியே ஒரு நாற்காலியில் மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். ஒரு பயிற்சி முடிந்ததும் நாயோடு சேர்ந்து அந்த நாற்காலிக்கு ஓடிப்போய்ப் பரிசு கொடுக்க வேண்டும். பிறகு இரண்டு பயிற்சிக்கு ஒரு முறை, மூன்றுக்கு ஒரு முறை, சில நேரம் ஒன்றுக்கே என்று நாயால் கணிக்க முடியாதபடி மாற்றிக்கொண்டே போக வேண்டும். உடம்பில் தின்பண்டம் இல்லாத மனிதரிடமிருந்தும் பரிசு வரும் என்று நாய் நம்பத் தொடங்கினால் களத்தின் வெறுங்கை அதை வருத்தாது. எப்போது தரப்போகிறோம் என்று தெரியாத பரிசு, ஒவ்வொரு முறையும் தரப்படும் பரிசைவிட நீண்ட நாள் பழக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும் என்பது கற்றல் உளவியலின் பழைய பாடம். கூடவே, பாராட்டுச் சொல், கன்னத்தைத் தடவுவது, கைக்கு எம்பித் தொடுவது போன்ற, களத்துக்குள்ளும் எடுத்துச் செல்லக்கூடிய சிறு மகிழ்ச்சிகளைத் தின்பண்டத்தோடு இணைத்து மதிப்பேற்றி வைக்க வேண்டும். நாங்கள் இதை வீட்டில் தனியாகச் செய்ததால் பொன்னி தப்பித்தது. வகுப்பை மட்டும் நம்பியிருந்தால் போட்டியில் தேர்ச்சி பெற்றிருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

இடம் இரண்டாவது பெருங்குறை. எல்லா வகுப்புகளும் ஒரே கூடத்தில், ஒரே ரப்பர் தரையில், ஒரே விளக்கு வெளிச்சத்தில் நடந்தன. நாய்கள் ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்குத் தாமாக எடுத்துச் செல்வதில்லை. சமையலறையில் உட்காரத் தெரிந்த நாய்க்குப் புல்வெளியில் அது ஏறக்குறைய புதிய பாடம். பயிற்சியாளர்களுக்கு இது தெரியாததல்ல. தூரம், நேரம், கவனச்சிதறல் மூன்றில் ஒன்றைக் கூட்டும்போது மற்ற இரண்டையும் குறைக்க வேண்டும் என்று அவர்களே பலகையில் எழுதிக் காட்டினார்கள். ஆனால் தொடர் முழுவதும் கவனச்சிதறல் என்பது ஓரத்தில் உருட்டிவிடப்பட்ட ஒரு பந்தும், கீழே போடப்பட்ட ஒரு தட்டும்தான். போட்டியில் புல் இருக்கும், புல்லில் முந்தைய நாய்களின் வாசனை இருக்கும், ஒலிபெருக்கி இருக்கும், பக்கத்துக் களத்தில் இன்னொருவர் தம் நாயைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். களத்துக்குள் நாய் சிறுநீர் கழித்துவிட்டால் தேர்ச்சியே போய்விடும் என்பதால், உள்ளே போவதற்கு முன் அதைக் கழிக்கவைக்கும் ஒரு சொல்லைப் பழக்க வேண்டும். இந்தச் சிறிய, மிக அவசியமான விஷயத்தைப் பற்றி வகுப்பில் ஒரு வரிகூட இல்லை.

காத்திருப்பதைப் பற்றியும் இல்லை. போட்டி நாளில் களத்துக்குள் இருப்பது சில நிமிடங்கள். மீதிப் பொழுதெல்லாம் கூண்டிலோ பாயிலோ முறைக்காகக் காத்திருப்பதுதான். சீக்கிரமே நாயை முன்தயாரிப்பில் இறக்கிக் களைப்படையச் செய்துவிடுபவர்களும், கூண்டிலிருந்து நேராகக் களத்துக்குள் இழுத்துக்கொண்டு போய் அது விழிப்பதைப் பார்த்துத் திகைப்பவர்களும் உண்டு. தன் நாய்க்கு எத்தனை நிமிட முன்தயாரிப்பு பொருந்தும் என்பதை ஒவ்வொருவரும் முன்னரே கண்டறிந்திருக்க வேண்டும். களத்தில் தரையை முகர்வது, கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, திடீரென்று உட்கார்ந்து சொறிந்துகொள்வது ஆகியவை பல நேரங்களில் அலட்சியம் அல்ல, பதற்றத்தின் அடையாளங்கள். எங்கள் வகுப்பில் தரையை முகர்ந்த நாயைப் பெயர் சொல்லி அதட்டும்படி ஓர் உதவிப் பயிற்சியாளர் சொன்னது எனக்கு உடன்பாடானதல்ல. தலைமைப் பயிற்சியாளர் அதை மறுக்காமல் விட்டதும் அப்படியே.

ஒத்திகைப் போட்டி சிறப்பாக நடந்தது என்பதை மறைக்க முடியாது. வகுப்புக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை நடுவராக அழைத்திருந்தார்கள். வாயிலில் உதவியாளர் எண் பட்டையைக் கொடுக்க, அதை இடக்கையில் கட்டிக்கொண்டு முறை வந்ததும் உள்ளே போக வேண்டும். தொங்கும் உரிமப் பில்லைகளைக் கழுத்துப்பட்டையிலிருந்து கழற்றிவிட்டீர்களா என்று வாயிலிலேயே பார்த்தார்கள். கூர்முனைப் பட்டை, மின்பட்டை, தலைப்பட்டை எவற்றுக்கும் அனுமதியில்லை என்பதால் பழகும்போதே சாதாரணப் பட்டையில் பழகியவர்களுக்குச் சிரமம் இருக்கவில்லை. நடுவர் "தயாரா?" என்று கேட்டதும், நன்றாகப் பழகிய மனிதர்களின் குரலே மாறிவிட்டது. ஒருவர் தம் நாயின் பெயருக்குப் பதில் தம் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நாய் வந்துவிட்டது. முடிவில் ஒவ்வொருவரின் தாளையும் நடுவர் விளக்கினார். கழிந்த புள்ளிகளில் பெரும்பங்கு இறுகிய வார், திரும்பிய தோள், தாமதமான கால், கூடுதலாக ஒரு சொல் என்று மனிதரின் கணக்கிலேயே இருந்தது. இவ்வளவு பயனுள்ள ஒன்றைத் தொடரின் கடைசி நாளில் வைத்ததுதான் எனக்குப் புரியவில்லை. தெரியவந்த குறைகளைத் திருத்திக்கொள்ள வகுப்பே மிச்சமில்லை. நடுவில் ஒன்று, இறுதியில் ஒன்று என இரண்டாக நடத்தினால் இத்தொடரின் மதிப்பு பல மடங்கு கூடும்.

அந்த அதட்டலை மறுக்காமல் விட்டதைத் தவிர, பயிற்சியாளரின் அணுகுமுறையில் குறை காண முடியாது. நாயைக் கடிந்து பேசுவதில்லை. வாரைச் சுண்டி இழுப்பதை அனுமதிப்பதில்லை. வெட்கப்படும்படி யாரையும் முன்னிறுத்துவதில்லை. வகுப்பில் நாய்களின் எண்ணிக்கையை அளவோடு வைத்திருக்கிறார். வாரந்தோறும் வீட்டுப் பயிற்சிக்கான குறிப்பை அச்சிட்டுத் தருகிறார், தவறவிட்டவர்களுக்குக் காணொளியும் அனுப்புகிறார். கூடத்தின் தூய்மை, தடுப்பூசிச் சான்று பார்ப்பது, பருவத்திலிருக்கும் பெண் நாய்களை அந்த வாரங்களில் வர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்வது எல்லாம் ஒழுங்காக இருந்தன.

நாய் வீட்டில் எல்லாவற்றையும் செய்கிறது, வெளி மனிதர்களும் வெளி நாய்களும் இருக்கும் இடத்தில் நடுவரின் ஆணைக்கு நடந்து பழக வாய்ப்பில்லை என்பவர்கள் தயங்காமல் சேரலாம். முன்பே போட்டிகளில் கலந்துகொண்ட நண்பர்கள் சிலர் உள்ளவர்களுக்கு இது தேவைப்படாது. மதிப்பெண் தாளும் இரண்டு தூண்களும் ஒரு கைபேசிக் கேமராவும் இருந்தால் இதில் பெரும்பகுதியைத் தாங்களே நடத்திக்கொள்ளலாம். மிகவும் பயந்த நாயை வைத்திருப்பவர்கள் தொடர் வகுப்புக்கு முன் தனிப் பயிற்சியாகச் சில அமர்வுகளைக் கேட்டுப் பெறுவது நல்லது. சேருபவர்கள் யாராக இருந்தாலும் ட்ரீட்டைக் குறைக்கும் வேலையை முதல் வாரத்திலேயே வீட்டில் தொடங்கிவிட வேண்டும், வாரம் ஒரு முறையாவது புதிய இடத்தில் முழு வரிசையையும் செய்து பார்க்க வேண்டும்.

அடுத்த நிலையான ஓபன் பிரிவுக்கும் இதே பயிற்சியாளர் வகுப்பு தொடங்கவிருக்கிறார். டம்பெல் என்னும், நாய் வாயால் கவ்வும் கட்டையைத் தரையிலிருந்தும் தடுப்பைத் தாண்டியும் எடுத்துவருவது, ஓடிவரும் பாதியில் படுப்பது, அகலத் தாண்டல் என்று அது வேறு உலகம். ஹீல் நடைக்காக மறுபடியும் அவரிடமே போவேன். புல்தரையில் நடத்துவதாக அவர் உறுதி சொல்லும்வரை மற்றவற்றுக்குப் பணம் கட்டுவதாக இல்லை.